அந்நிய நாட்டில் கடவுச்சீட்டு களவு போனால்

ஆவணங்களை இழப்பது என்றால் என்ன என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009ஆம் ஆண்டு வன்னியில் பதுங்கு குழிக்குப் பதுங்கு குழி ஓடியவர்களும் அதை நன்கு அறிவார்கள். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ் ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் பின்னர் சற்று எளிதாகத் தலை நிமிர்ந்தார்கள். வீட்டோடு விட்டுவந்தவர்கள், தாம் யார் என்று நிரூபிக்கவே பல வருடங்கள் அலைந்தார்கள்.

இன்று அதே குடும்பங்களிலிருந்து பலர் வெளிநாடு செல்கிறார்கள். கடனை அடைக்கவும், காணியைத் திருத்தவும், வீட்டை முடிக்கவும் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகவும் சாரதியாகவும் கட்டடத் தொழிலாளியாகவும் போகிறார்கள். வைத்தியத்துக்காகவும், வேளாங்கண்ணி போன்ற இடங்களுக்கு யாத்திரையாகவும், அங்கே முகாம்களில் இருக்கும் உறவினரைப் பார்க்கவும் இந்தியாவுக்குப் போகிறார்கள். அங்கே கைப்பை களவு போனால், பணம், நகை, கைத்தொலைபேசி, கடவுச்சீட்டு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். எமது ஊரிலென்றால் “இவர் இன்னாருடைய மகள்” என்று சொல்லக் கிராம அலுவலர் இருக்கிறார், அயலவர் இருக்கிறார்கள். அங்கே அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை.

இந்தப் பாடத்தில் இரண்டு விடயங்களை மனதில் பதித்துக்கொள்வோம். முதலாவது, கடவுச்சீட்டைப் பறிகொடுப்பது குற்றமல்ல. பயத்தினால் அதை மறைத்து நாட்களைக் கடத்துவதே ஒருவரைச் சட்டவிரோதமாகத் தங்கியவர் என்ற நிலைக்குத் தள்ளுகிறது. இரண்டாவது, களவு போனதற்கு மாற்று ஆவணம் பெறும் வேலையில் பாதி, பயணம் புறப்படுமுன் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

1. கள்வன் எதை எடுக்கிறான்? எதை எடுக்க முடியாது?

காணி உறுதி எரிந்துபோனாலும் காணி எரிந்துபோவதில்லை. அதன் பதிவு காணிப் பதிவகத்தில் இருக்கிறது. கடவுச்சீட்டும் அப்படித்தான். அந்தப் புத்தகம் அரசாங்கத்தின் உடைமை. அது நாம் பாவிப்பதற்காகத் தரப்பட்டது. எமது பெயர், பிறந்த திகதி, படம் முதலிய விபரங்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கின்றன. கள்வன் புத்தகத்தை எடுக்கலாம். பதிவை எடுக்க முடியாது.

ஆனால் அந்தப் பதிவைத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு நுனி வேண்டும். அந்த நுனிதான் கடவுச்சீட்டு இலக்கம். இலக்கமும் ஒரு பிரதியும் கையில் இருந்தால் தூதரகத்தில் வேலை இலகுவாகும். இரண்டும் இல்லாவிட்டால் “நான் இலங்கையர்” என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். இடம்பெயர்வில் பிறப்புப் பத்திரமும் தொலைந்து, இன்னும் மாற்றுப் பிரதி எடுக்காதவர்களுக்கு இது பெருந்துன்பமாகிவிடும்.

2. களவு நடக்கும் வழிகள்

பஸ் நிலையம், இரவு நேர ரயில், திருவிழாக் கூட்டம், விமான நிலையத்தில் களைத்துத் தூங்கும் வேளை, பலர் சேர்ந்து தங்கும் அறை ஆகியவை களவுக்கு வாய்ப்பான இடங்கள். அதிகமான களவுகள் பலாத்காரத்தால் அல்ல, கவனத்தைத் திருப்புவதால் நடக்கின்றன. ஒருவர் உங்கள் உடையில் எதையாவது ஊற்றிவிட்டுத் துடைக்க வருவார். மற்றவர் பையை எடுத்துவிடுவார். இன்னொருவர் சாதாரண உடையில் வந்து “நான் பொலிஸ், பாஸ்போட்டையும் பணத்தையும் காட்டு” என்பார். உண்மையான பொலிசாராக இருந்தால், “பொலிஸ் நிலையத்தில் வைத்துக் காட்டுகிறேன்” என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

நாமாகவே கையில் கொடுத்து இழப்பதும் உண்டு. 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கிப் புறப்பட்ட மலேசிய விமானம் 239 பேருடன் காணாமற்போனது பலருக்கும் நினைவிருக்கும். அதில் சென்ற இருவர், தாய்லாந்தில் வேறு ஆட்களிடமிருந்து களவாடப்பட்ட ஓர் ஒஸ்ரியக் கடவுச்சீட்டையும் ஓர் இத்தாலியக் கடவுச்சீட்டையும் வைத்துப் பயணம் செய்தது பின்னர் தெரியவந்தது. இத்தாலியருடைய கடவுச்சீட்டு, வாடகைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்த கடையில் பிணையாகக் கொடுக்கப்பட்டது என்று அப்போது செய்திகள் கூறின. அவர் திரும்பிப்போய்க் கேட்டபோது அது அங்கே இல்லை.

அவற்றைப் பாவித்த இருவரும் பயங்கரவாதிகளாக இருப்பார்களோ என்று உலகம் முதலில் பயந்தது. விசாரித்தபோது அவர்கள் ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிப் புறப்பட்ட ஈரானிய இளைஞர்கள் என்று தெரிந்தது. அவர்களுள் ஒருவருக்கு வயது 19. ஜேர்மனியில் தாய் காத்திருந்தார். களவாடப்பட்ட கடவுச்சீட்டு குப்பைக்குப் போவதில்லை, விலைக்குப் போகிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம். அதை வாங்குபவர் பெரும்பாலும் எம்மைப்போல நாடிழந்து தவிக்கும் ஒருவராகவே இருக்கலாம். அவரிடம் எமக்கு இரக்கம் உண்டு. ஆனாலும் எமது பெயரில் இன்னொருவர் எல்லை கடந்தால் விசாரணை எமது வீட்டு வாசலுக்கே வரும். முறைப்பாடு செய்தவர் “என்னுடையது இன்ன நாளில் களவு போனது” என்று காட்டலாம். செய்யாதவர் எதைக் காட்டுவார்? தன் கடவுச்சீட்டை முகவருக்கு விற்றுவிட்டுக் “களவு போனது” என்று சொல்வதும் குற்றமாகும். அந்த ஆசைக்கு இடங்கொடுக்கக் கூடாது.

எனவே கடையிலோ விடுதியிலோ கடவுச்சீட்டைப் பிணையாகக் கொடுக்க வேண்டாம். பிரதியைக் கொடுங்கள், தேவைப்பட்டால் சிறு தொகைப் பணத்தைப் பிணையாகக் கொடுங்கள். விடுதியில் பதிவதற்காகக் கேட்டால் உங்கள் முன்னிலையிலேயே பதிந்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

3. வேலை கொடுத்தவரே பிடித்து வைத்தால்

வளைகுடா நாடுகளில் எமது சகோதரிகளுக்கு நேர்வது பெரும்பாலும் தெருக் களவல்ல. விமான நிலையத்திலிருந்து அழைத்துச் செல்லும்போதே முகவரோ வீட்டுக்காரரோ கடவுச்சீட்டை வாங்கி அலுமாரியில் பூட்டிவிடுகிறார். “பாதுகாப்புக்காக” என்று காரணம் சொல்லப்படுகிறது. இது வழக்கம்தானே என்று பலர் எண்ணுகிறார்கள். வழக்கம் என்பதால் அது சட்டமாகிவிடாது.

குடிபெயர்ந்த தொழிலாளரின் உரிமைகள் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 1990ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 21ஆம் உறுப்புரை, சட்டப்படி அதிகாரம் பெற்ற அரச அலுவலர் தவிர வேறெவரும் ஒருவரின் அடையாள ஆவணத்தைப் பறிப்பதையோ அழிப்பதையோ தடுக்கிறது. இலங்கை 1996ஆம் ஆண்டு இதில் இணைந்தது. வளைகுடா நாடுகள் இதில் இணையவில்லை. ஆயினும் அவற்றுட் சில தமது சொந்தச் சட்டத்திலேயே இதைத் தடுத்துள்ளன. கட்டாரின் 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளியின் கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பவருக்கு 25,000 ரியால் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டமும் எசமானர் அதை வைத்திருப்பதைத் தடை செய்கிறது. ஆவணங்களைப் பிடித்து வைப்பது கட்டாய உழைப்பின் அடையாளங்களுள் ஒன்று என்று சர்வதேசத் தொழில் அமைப்பும் கூறுகிறது.

சட்டம் இருக்கிறது என்பதற்காக, தனித்து நிற்கும் ஒரு பெண் முதல் நாளே வீட்டுக்காரரோடு வாதாட முடியும் என்று நாம் கூறவில்லை. ஆனால் உரிமை தன் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால், தெருவில் அலையாமல் நேரே இலங்கைத் தூதரகத்துக்குச் செல்ல வேண்டும். “ஓடிப்போனார்”, “பொருளைத் திருடினார்” என்று எசமானர் முறைப்பாடு செய்யக்கூடும். அதற்கு முந்தித் தூதரகத்தில் தன் முறைப்பாட்டைப் பதிந்திருப்பது பெரிய பாதுகாப்பு. கடவுச்சீட்டு எசமானரிடம் இருந்தால், “தொலைந்துவிட்டது” என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. “இன்னாரிடம் இருக்கிறது” என்று உண்மையையே சொல்ல வேண்டும். பொய்யான முறைப்பாடு பின்னர் அவருக்கே எதிராகத் திரும்பும்.

4. புறப்படுமுன் வீட்டில் செய்யவேண்டியவை

விதைநெல் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கும் விவசாயி இல்லை. வெள்ளம் ஒரு பக்கம் வந்தாலும் மறுபக்கத்தில் உள்ளது மிஞ்சும். ஆவணங்களுக்கும் இதுவே விதி.

அ) கடவுச்சீட்டின் படமுள்ள பக்கம், விசா, அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வேலை ஒப்பந்தம், பணியகத்தில் பதிந்த பற்றுச்சீட்டு ஆகியவற்றை மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று வீட்டில் பொறுப்பானவரிடம் இருக்கட்டும். ஒன்று பயணப் பெட்டியின் அடியில் இருக்கட்டும். ஒன்றை வேறொரு வீட்டில், நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள்.

ஆ) இவற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் குடும்பத்தவருக்கு அனுப்புங்கள். தன் தொலைபேசியில் மட்டும் வைத்திருந்தால் அதுவும் பையோடு போய்விடும்.

இ) வீட்டு எண், தூதரக எண், பணியகத்தின் 1989 என்ற எண் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி உடையின் உட்பக்கத்தில் தைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணையாவது மனப்பாடம் செய்யுங்கள். தொலைபேசி போனபின் தாயின் எண்ணைக்கூடச் சொல்ல முடியாமல் நிற்பவர்கள் இன்று பலர்.

ஈ) தாலிக்கொடி, சீதனச் சங்கிலி ஆகியவற்றை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். ஏதாவது கொண்டுபோனால் அதன் படத்தையும், எத்தனை பவுண் என்பதையும், கடைப் பற்றுச்சீட்டையும் வீட்டில் வையுங்கள்.

உ) சம்பளப் பணத்தைச் சேர்த்து வைத்து ஒன்றாகக் கொண்டுவர எண்ண வேண்டாம். மாதாமாதம் வங்கி மூலம் அனுப்புங்கள். அனுப்பிய சீட்டுகளை வீட்டார் கோவையில் சேர்த்து வைத்தால், பிறகு சம்பள வழக்கு வரும்போது அவையே சான்றாகும்.

ஊ) பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் முதலில் பிரதேச செயலகத்தில் அதன் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். இதை முடிக்காமல் பயணத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

5. களவு போன நாளில்

முதலில் ஓரிடத்தில் இருந்து மூச்சு விடுங்கள். பிறகு இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

தேடுங்கள். கள்வனுக்குப் பணமே அவசரம். வெறும் பையையும் கடவுச்சீட்டையும் அருகிலுள்ள குப்பைத் தொட்டியிலோ கழிப்பறையிலோ எறிந்துவிட்டுப் போவதுண்டு. பஸ் சாரதியிடமும், தவறிய பொருட்களை ஒப்படைக்கும் அலுவலகத்திலும் கேளுங்கள்.

பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். இயன்றவரை அன்றைக்கே, களவு நடந்த இடத்துக்குரிய நிலையத்தில் செய்யுங்கள். நேரம், இடம், போன பொருட்கள் எல்லாவற்றையும் சொல்லி, முறைப்பாட்டின் பிரதியை அல்லது இலக்கத்தையாவது கேட்டு வாங்குங்கள். இது இல்லாமல் அடுத்த படிகள் தடைப்படும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிட வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எக்காரணத்தாலோ உங்களையே தடுத்து வைத்தால், “என் தூதரகத்துக்கு அறிவியுங்கள்” என்று கேளுங்கள். 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது.

தூதரகத்துக்குச் செல்லுங்கள். வெளிநாட்டில் எமது கிராம அலுவலகமும் கச்சேரியும் அதுதான். வேலையைத் தொடர விரும்புவோர் புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் காலம் எடுக்கலாம். உடனே நாடு திரும்ப வேண்டியவர்களுக்குத் தற்காலிகப் பயண ஆவணம் வழங்கப்படும். அது வீடு வந்து சேர்வதற்கு மட்டுமே. அதைக்கொண்டு வேறு நாட்டுக்குப் போக முடியாது. சில நாடுகளில் ஆதரவற்ற பெண்கள் தங்கப் பாதுகாப்பு இல்லங்களையும் எமது தூதரகங்கள் நடத்துகின்றன.

விசாவை மறக்க வேண்டாம். பழைய கடவுச்சீட்டில் இருந்த விசாவும் வருகை முத்திரையும் அதோடு போய்விட்டன. புதிய ஆவணத்தோடு அந்த நாட்டின் குடிவரவு அலுவலகத்துக்குச் சென்று, வெளியேறும் அனுமதி தேவையா என்று கேட்க வேண்டும். சவூதியில் ‘இக்காமா’ எனப்படும் வதிவிட அட்டையும் களவு போயிருந்தால் அதையும் முறைப்பாட்டில் சேர்க்க வேண்டும்.

வங்கி அட்டையையும் சிம் அட்டையையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

6. இந்தியாவில் நடந்தால்

அங்கே பொலிஸ் அவசர உதவிக்கு 112, ரயில் உதவிக்கு 139 என்ற எண்களை அழைக்கலாம். ஓடும் ரயிலில் களவு போனால் பயணச்சீட்டுப் பரிசோதகரிடமோ ரயிலில் வரும் காவலரிடமோ முறைப்பாடு கொடுக்கலாம். “எங்கள் எல்லையில் நடக்கவில்லை” என்று ஒரு நிலையம் தட்டிக்கழித்தால், எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்ற சட்டத்தை நினைவூட்டுங்கள். அதன் பிரதி இலவசமாகக் கிடைக்க வேண்டும். பின்னர் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் பெற்று, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். அதற்கான விண்ணப்பம் இப்போது இணையம் வழியாகவே செய்யப்படுகிறது. அனுமதி இல்லாமல் விமான நிலையத்துக்குப் போனால் திருப்பி அனுப்பப்படலாம். ஆகவே திரும்பும் நாளுக்கு முதல் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

7. வீட்டில் இருப்போரின் கடமை

செய்தி கிடைத்ததும் அழுது ஊரைக் கூட்டுவதால் பயனில்லை. பிரதிகளை எடுத்து உடனே அனுப்புங்கள். தொழிலுக்குச் சென்றவரானால் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் அறிவியுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும், வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான இலக்கத்தை வாங்கி வையுங்கள்.

களவாடிய தொலைபேசியிலிருந்தே சிலர் வீட்டுக்கு அழைப்பார்கள். “உங்கள் மகள் சிறையில் இருக்கிறாள், பணம் அனுப்பினால் விடுவிக்கலாம்” என்று செய்தி வரும். தாயின் மனம் பதறும். இருந்த ஆட்டையும் மாட்டையும் விற்று அனுப்பத் தோன்றும். ஆகவே குடும்பத்தவருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே பேசி வையுங்கள். அதற்குச் சரியான பதில் வராவிட்டால் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். தூதரகத்தில் விசாரியுங்கள்.

8. தொலைந்தது திரும்பக் கிடைத்தால்

முறைப்பாடு செய்தபின் பழைய கடவுச்சீட்டு செல்லுபடியற்றதாக்கப்படும். அதன் இலக்கம், சர்வதேசப் பொலிஸ் அமைப்பான இன்ரர்போல் 2002ஆம் ஆண்டு முதல் பேணிவரும், களவுபோன பயண ஆவணங்களின் பட்டியலிலும் சேரலாம். பிறகு அது அலுமாரிக்குள்ளிருந்து கிடைத்தாலும் பாவிக்க வேண்டாம். பாவித்தால் எல்லையில் உங்களையே கள்வர் என்று நிறுத்துவார்கள். தூதரகத்தில் அல்லது திணைக்களத்தில் ஒப்படையுங்கள்.

களவு கொடுத்து வெறுங்கையோடு திரும்பும் பெண்ணை “கவனமில்லாதவள்” என்று ஊர் பேசுவதுண்டு. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள். மறைக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களது நிலையை மோசமாக்குகிறது. ஆகவே பயணம் புறப்படும் பிள்ளையிடம், பிரதிகளைக் கொடுக்கும்போதே இதையும் சொல்லி அனுப்புங்கள்: “எது போனாலும் முதலில் எங்களுக்குச் சொல்லு. ஏச மாட்டோம்.”

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்திலிருந்து இப்போது வெளிநாட்டில் இருப்போரின் கடவுச்சீட்டுப் பிரதி எத்தனை வீடுகளில் உண்டு? இல்லாத வீடுகள் இந்த மாதமே அதை எவ்வாறு பெறலாம்?

2. இடம்பெயர்வில் பிறப்புப் பத்திரம் தொலைத்து, இன்னும் பிரதி பெறாதவர்கள் யார்? அவர்களோடு பிரதேச செயலகத்துக்குப் போகக்கூடியவர் யார்?

3. மாதர் சங்கத்தில் ஒரு பெட்டியும் ஒரு கொப்பியும் வைத்து, விரும்பும் குடும்பங்களின் பிரதிகளைப் பாதுகாக்கலாமா? அதன் திறப்பு யாரிடம் இருக்க வேண்டும்?

4. வெறுங்கையோடு திரும்பி வரும் ஒருவரை எமது ஊர் எவ்வாறு வரவேற்கிறது?